மாட்டுங்கா, தாதர் காலனிகளை நடந்து பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் பெரும்பாலும் மரநிழலிலேயே இரண்டு மணி நேரம் நடக்க வேண்டுமென்றால், மாட்டுங்கா கிழக்கில் தொடங்கித் தாதர் கிழக்கில் முடிக்கலாம். நடுவில் ஃபைவ் கார்டன்ஸ், பார்சி காலனி, இந்து காலனி வரும். பெயர்கள் வேறு வேறு என்றாலும், நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரே அமைப்பு போட்ட திட்டங்களில் உருவான இடங்கள் இவை. ஊருக்குப் புதிதாக வருகிறவர்களும், தினமும் லோக்கல் ரயிலில் கடந்துபோயும் இறங்கிப் பார்க்காதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்?

பலர் முதலில் தவறுவது இங்கேதான். குழப்பக்கூடிய ஸ்டேஷன்கள் மூன்று: சென்ட்ரல் லைனில் மாட்டுங்கா, வெஸ்டர்ன் லைனில் மாட்டுங்கா ரோடு, ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள். உங்களுக்கு வேண்டியது சென்ட்ரல் மாட்டுங்காவின் கிழக்கு வாசல். அங்கே ஸ்லோ வண்டிகள்தான் நிற்கும். ஃபாஸ்ட்டில் ஏறிவிட்டால் தாதரில் இறங்கி, குர்லா பக்கம் போகும் ஸ்லோ வண்டியைப் பிடியுங்கள். அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா.

செம்பூர், வாஷி பக்கமிருந்து வருகிறவர்கள் குர்லாவில் மாறினால் போதும். சயானுக்கு அடுத்து மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷன், வடாலாவில் பிரிந்து மாஹிம் பக்கம் போகும் கிளையில் இருக்கிறது. பன்வேல் வண்டிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போவதில்லை. அந்தேரி, போரிவலியிலிருந்து வந்தால் மாட்டுங்கா ரோடில் இறங்கி, தண்டவாளங்களைத் தாண்டும் நடைபாலத்தில் கிழக்கே வரலாம். வளைந்து போவதால் அதற்கு இசட் பிரிட்ஜ் என்றே பெயர்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் மெகா பிளாக் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் ஸ்லோ வண்டிகளை ஃபாஸ்ட் தடத்தில் திருப்பிவிடுவார்கள். அப்போது சில சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நிற்காமல் போகும்.

இறங்கியதும் ஒரு நிமிடம் ஸ்டேஷனையும் பாருங்கள். டிக்கெட் கவுன்டர் முதல் ஸ்டேஷன் மேலாளர் வரை முழுவதும் பெண்களே நடத்தும் ஸ்டேஷனாக இது 2017இல் மாறியது.

ஆட்டோ கிடைக்குமா?

கிடைக்காது. மும்பை நகரப் பகுதிக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. கிழக்கில் சயானோடும் மேற்கில் பாந்திராவோடும் ஆட்டோ நின்றுவிடும். செம்பூரிலிருந்து ஆட்டோவில் வந்தால் சயானில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து காலி-பீலி எனப்படும் கறுப்பு மஞ்சள் டாக்ஸியோ, பெஸ்ட் எனப்படும் நகரப் பஸ்ஸோ பிடிக்க வேண்டும். காலனிக்குள் எதுவுமே தேவையில்லை, நடைதான்.

இங்கே மட்டும் எப்படி இவ்வளவு அகலமான சாலை, இவ்வளவு மரம்?

1896இல் மாண்ட்வி பகுதியில் பிளேக் பரவியது. சால் என்று சொல்லப்படும், காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான ஒற்றையறை வரிசைக் குடியிருப்புகளில்தான் சாவு அதிகம். அதை எதிர்கொள்ள 1898இல் அரசாங்கம் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. பழைய நகரத்துக்குள் இடித்துச் சாலை போட்டது ஒரு பக்கம். வடக்கே வயலும் தோப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா, சயான் நிலங்களை வாங்கி, குடியிருப்புக்கென்றே மனை பிரித்தது இன்னொரு பக்கம். முதலில் சாலை, சாக்கடை, தோட்டத்துக்கான இடம். அதற்குப் பிறகுதான் வீடு. வீடு கட்டிவிட்டுச் சாலையைத் தேடும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிர். பெரும்பாலான மனைகளில் கட்டடம் எழுந்தது 1920களிலிருந்து 1940கள் வரையிலான காலத்தில். டிரஸ்ட் 1933இல் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது, ஆனால் அது போட்ட கோடுகள் இன்றும் தரையில் இருக்கின்றன.

மனை வாங்கியவர் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. எத்தனை மாடி, பக்கத்துக் கட்டடத்துக்கு எவ்வளவு இடைவெளி, சாலையிலிருந்து எவ்வளவு உள்ளே என்று எல்லாவற்றுக்கும் நிபந்தனை இருந்தது. மரத்துக்கு இடம் கிடைத்தது இந்த நிபந்தனைகளால்தான். சாலையோரத்திலும் காம்பவுண்டுக்குள்ளும் மண் விட்டுவைத்திருக்காவிட்டால், நட்ட கன்று இரண்டு மாடி உயரத்துக்குக் கிளை விரித்திருக்காது.

63.5 பாகை (டிகிரி) விதி என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் இல்லை. உங்கள் வீட்டுச் சுவரின் அடியிலிருந்து வெளிநோக்கி, தரைமட்டத்துக்கு 63.5 பாகை சாய்வில் ஒரு கோடு மேலே இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க் கட்டடம் அந்தக் கோட்டை வெட்டக் கூடாது. வெட்டினால் கீழ்வீட்டு அறைக்கு வானம் தெரியாது, வெளிச்சம் வராது. டிரஸ்ட் கையில் எடுத்த அளவுகோல் இது.

கணக்கு எளிது. 63.5 பாகையில் உயரம் இரண்டு பங்கு, தூரம் ஒரு பங்கு. எதிர்க் கட்டடம் 40 அடி என்றால் நடுவே 20 அடியாவது வேண்டும். 60 அடி என்றால் 30 அடி.

பார்சி காலனியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பழைய கட்டடங்களுக்கு நடுவே, சாலையில் நின்றபடியே பாருங்கள். நடுப்பகலில் வெயில் கீழே தரை வரை விழும். அந்த வெளிச்சத்தில்தான் தொட்டிச் செடிகள், துணிக்கொடி, பின்சுவரோரம் ஒரு மாமரம் எல்லாம். பிறகு புதிதாக எழுந்த ஒரு அடுக்குமாடிக்குப் பக்கத்தில் போய் அதே இடைவெளியைப் பாருங்கள். அகலம் அதேதான், உயரம் மட்டும் ஐந்தாறு மடங்கு. மதியத்திலும் விளக்கு எரியும்.

எந்த வழியாக நடப்பது? எவ்வளவு நேரம் ஆகும்?

சுமார் 4 முதல் 5 கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம். பார்த்து, சாப்பிட்டு, உட்கார்ந்து போனால் நான்கு மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்குவது நல்லது.

மாட்டுங்கா ஸ்டேஷன் கிழக்கு வாசலில் வெளியே வந்தால் பண்டார்கர் ரோடு. பூக்கடை, காய்கறிக் கடை, ஆஸ்திக சமாஜம் கோவில் எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில். தேலங் ரோடைத் தொட்டுக்கொண்டு கிழக்கே வந்தால் கிங்ஸ் சர்க்கிள். நடுவில் உள்ள வட்டத் தோட்டத்தின் இன்றைய பெயர் மகேஸ்வரி உத்யான். பெயர்ப் பலகையில் கிங்ஸ் சர்க்கிளைத் தேடாதீர்கள். வழி கேட்கும்போது மட்டும் பழைய பெயரைச் சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்.

மேலே போகும் ஃப்ளைஓவருக்கு அடியிலும் ஒரு பூங்கா இருக்கிறது. குப்பையும் வண்டிகளுமாகக் கிடந்த இடத்தை அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் விடாமல் போராடிப் பூங்காவாக்கினார்கள். நடுவே நெளிந்து போகும் நீலப் பாதை நர்மதை நதியின் போக்கைக் காட்டுவது.

அங்கிருந்து ஆடன்வாலா ரோடு பக்கமாக ஃபைவ் கார்டன்ஸ். சாலைகள் சந்திக்கும் இடத்தைச் சுற்றி ஐந்து தனித்தனித் தோட்டங்கள். ஒன்றுக்குள் புகுந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் சாலையைக் கடக்க வேண்டும். காலையில் நடைக்காரர்கள், மாலையில் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள். விஜேடிஐ பொறியியல் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. 1923இல் இங்கே இடம் மாறி வந்தது. லேடி ஜெஹாங்கிர் ரோடு, ஜாம்-எ-ஜாம்ஷெட் ரோடு வழியாகப் பார்சி காலனியைச் சுற்றிவிட்டு, மேற்கே வந்து டாக்டர் அம்பேத்கர் ரோடைக் கடந்தால் இந்து காலனி.

அம்பேத்கர் ரோடைச் சிக்னலில் மட்டும் கடங்கள். உள்தெருக்களின் அமைதியில் நடந்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தச் சாலையின் வேகம் சட்டென்று பிடிபடாது. அதன் ஓரத்தில்தான் தாதர் டிடி. இந்த டிடி என்பது டிராம் டெர்மினஸ். கடைசி டிராம் 1964இல் ஓடிவிட்டது, பெயரை மட்டும் பஸ் கண்டக்டர்கள் இன்றும் கூவுகிறார்கள். அங்கிருந்து தாதர் ஸ்டேஷன் பத்து நிமிட நடை.

என்னென்ன மரங்கள்? பூப்பது எப்போது?

அதிகம் கண்ணில் படுவது தூங்குமூஞ்சி மரம். குடை மாதிரி விரிந்து சாலையின் இரு பக்கமும் தொட்டுக்கொள்வது அதுதான். சாயங்காலம் ஆனாலும், மழை மூட்டம் போட்டாலும் இலையை மடக்கிக்கொள்ளும். மாலை 6 மணிக்கு மேல் ஃபைவ் கார்டன்ஸில் நின்று மேலே பார்த்தால், மதியம் அடைத்திருந்த கூரையில் வானம் துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பிக்கும்.

மார்ச் முதல் மே வரை பெருங்கொன்றை பூத்துத் தெருவெல்லாம் மஞ்சள் விரிக்கும். மே மாதம் குல்மோகர். பார்சி காலனியில் தெருவுக்கு ஒரு ஜாதி மரம் என்று திட்டமிட்டு நட்டார்கள்: ஃபிர்தௌசி ரோடுக்கு மகாகனி, ஜாம்-எ-ஜாம்ஷெட் ரோடுக்கு அசோக மரம்.

சில தூங்குமூஞ்சி மரங்கள் பட்டுப்போய் நிற்பதையும் பார்ப்பீர்கள். காரணங்கள் இரண்டு. ஒன்று மாவுப்பூச்சி, கிளை நுனியில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். இன்னொன்று நடைபாதை வேலை. அடிமரத்தை நெருக்கி சிமென்ட் பூசிவிட்டால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது, மரம் வலுவிழக்கும், வலுவிழந்த மரத்தில் பூச்சி சுலபமாக ஏறும். அடியைச் சுற்றி 1 மீட்டருக்கு 1 மீட்டராவது மண் இருக்க வேண்டும். நடந்துபோகும்போது பத்து மரங்களின் அடியைப் பாருங்கள். எத்தனை மரத்துக்கு மண் இருக்கிறது, எத்தனைக்கு இல்லை என்பதை எண்ணினாலே எது நிலைக்கும் என்பது தெரிந்துவிடும்.

கட்டடங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

கிங்ஸ் சர்க்கிளையும் அதைச் சுற்றிய மாட்டுங்காத் தெருக்களையும் ஆர்ட் டெகோவுக்காகப் பாருங்கள். கான்கிரீட் பரவலாகப் புழக்கத்துக்கு வந்த 1930களின் பாணி அது. தெருமுனை வீடுகளில் வளைந்து திரும்பும் பால்கனி, ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி நீளமாக ஓடும் சன்ஷேடு, படிக்கட்டு இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழே ஒரே நீளத்துக்கு இறங்கும் ஜன்னல், சூரியக் கதிர் வடிவில் கம்பிக் கிராதி, நெற்றியில் சிமென்ட் எழுத்தில் கட்டடத்தின் பெயர். பெயிண்ட் அடித்து அடித்து அந்த எழுத்துகள் மழுங்கிப்போயிருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது நிழலோடு நன்றாகப் படிக்க வரும்.

வெளியே தெரியாத புதுமை உள்ளே இருந்தது. சாலில் பத்து வீட்டுக்குச் சேர்த்து ஒரு கழிப்பறை வரிசை. இங்கே கட்டிய ஃப்ளாட்டுகளில் சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் ஒரே வாசலுக்குள் வந்தன.

ஒரு திருத்தம்: 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மும்பை ஆர்ட் டெகோ, தெற்கே ஓவல் மைதானம், மரின் டிரைவ் பகுதி. மாட்டுங்கா அதில் இல்லை. பலர் இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.

பார்சி காலனிக்குள் வெளியாட்கள் போகலாமா?

தெருக்களில் தாராளமாக நடக்கலாம். மும்பையின் மற்றப் பார்சிக் குடியிருப்புகளுக்கு மதில் உண்டு, கேட் உண்டு. தாதர் காலனிக்கு மதில் கிடையாது. மஞ்சேர்ஜி எதுல்ஜி ஜோஷி என்ற பொறியாளர், நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்காக 103 மனைகளை ஒதுக்கித் தரும்படி டிரஸ்ட்டைச் சம்மதிக்க வைத்ததால் உருவான காலனி இது. ஃபைவ் கார்டன்ஸுக்கும் அவர் பெயர்தான். சிலையும் அங்கே இருக்கிறது. கட்டடங்கள் தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் என்ற அளவில் நின்றுவிடும். அதனால்தான் மரங்கள் கூரையைவிட உயரமாகத் தெரிகின்றன.

பார்சிகளின் வழிபாட்டிடமான அக்னி கோவிலுக்குள் பார்சிகள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. வாசலில் நின்று உள்ளே படமெடுக்காதீர்கள். வீட்டு வராந்தா, ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், வாசலில் போட்ட சுண்ணாம்புக் கோலம், எதைப் படமெடுப்பதானாலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் எடுத்தால் வாட்ச்மேன் வருவார், நியாயமாகத்தான் வருவார். மதியம் 2 முதல் 4 வரை தெருவே உறங்கும். கூட்டமாகப் பேசிக்கொண்டு போக அது நேரமல்ல.

ராஜ்கிருஹம் எங்கே இருக்கிறது?

இந்து காலனிக்குள். 1930களின் தொடக்கத்தில் டாக்டர் அம்பேத்கர் தனக்கென்று கட்டிய வீடு. குடியிருக்க மட்டுமல்ல, அவருடைய பெரும் புத்தகத் தொகுப்பை வைப்பதற்காகவும் திட்டமிட்ட வீடு. தரைத்தளத்தில் நினைவகம் இருக்கிறது. மேலே குடும்பத்தினரின் வீடு என்பதை மனதில் வைத்து நடந்துகொள்ளுங்கள். டிசம்பர் 6, ஏப்ரல் 14 ஆகிய நாள்களில் இங்கே லட்சக்கணக்கான மக்களின் வரவைத் தாதர் முழுவதும் பார்க்கலாம். அஞ்சலி செலுத்த வருவதானால் அன்று வாருங்கள். கட்டடம் பார்ப்பதற்கென்றால் வேறு நாள்.

அதே வட்டாரத்தில் ருயா கல்லூரி, போதார் கல்லூரி. கல்லூரி விடும் நேரத்தில் வடாபாவ், சாண்ட்விச் வண்டிகளைச் சுற்றி நிற்க இடம் இருக்காது.

மாட்டுங்காவில் தமிழ் எங்கே கேட்கும்?

முன்னைப்போல் தெரு முழுக்கக் கேட்காது. 1920கள் முதல் டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு கம்பெனி, ரயில்வே, அரசாங்க ஆபீஸ் வேலைக்குத் தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பக்கமிருந்து வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள். பிள்ளைகளுக்காக 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எஸ்ஐஇஎஸ் பள்ளி, கல்லூரி எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. அடுத்த தலைமுறை செம்பூர், முலுண்ட், டோம்பிவலி, நவி மும்பை என்று நகர்ந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் தாராவித் தமிழர்களின் வரலாறு வேறு. அதை இதோடு கலந்து சொல்வது இரண்டு பேருக்கும் நியாயமில்லை.

இன்றும் தமிழ் கேட்கும் இடங்கள்: காலை ஆஸ்திக சமாஜம், ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகள், மார்க்கெட்டில் வாழைப்பூவும் வாழைத்தண்டும் வாழையிலைக் கட்டும் வைத்திருக்கும் கடைகள், பூஜைச் சாமான்கள் விற்கும் கிரி கடை, 1951இல் தொடங்கியதே மாட்டுங்காவில்தான். கச்சேரி நாளென்றால் சயான் பக்கம் சண்முகானந்தா அரங்கம். சபா 1952இல் தொடங்கியது, அரங்கம் 1963இல் எழுந்தது, 1990இல் தீயில் எரிந்து 1998இல் மறுபடி திறந்தது.

எங்கே சாப்பிடலாம்?

இங்கே புகழ்பெற்ற கடைகளில் பல உடுப்பி வழி வந்தவை. தமிழ்நாட்டு ருசியை எதிர்பார்க்காதீர்கள். சாம்பாரில் வெல்லம் எட்டிப்பார்க்கும். அது குறையல்ல, அவர்கள் சமையல் அப்படி. ராம் ஆஷ்ரயா, கஃபே மெட்ராஸ், கஃபே மைசூர் மூன்றும் காலைப் பலகாரத்துக்கு. மதியச் சாப்பாட்டுக்கு 1942இல் தொடங்கிய ராம நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங். சனி, ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் கஃபே மெட்ராஸ் வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க நேரிடும். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 7.30க்குள் போனால் நேரே உட்காரலாம். திங்கள்கிழமை விடுமுறை விடும் கடைகள் இந்தப் பகுதியில் உண்டு, கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். காத்திருக்க ஆள் நிற்கும்போது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசுவது இங்கே மரியாதையல்ல.

மழைக்காலத்தில் வரலாமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை பச்சை கண்ணைப் பறிக்கும், ஆனால் கணக்குப் பார்த்து வர வேண்டும். கிங்ஸ் சர்க்கிளும் காந்தி மார்க்கெட்டும் தாழ்வான இடம். நகரத்தின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்காகக் கட்டியவை. அதைவிட வலுத்துப் பெய்யும்போது கடலில் ஓதம் ஏறியிருந்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சாலையில் நிற்கும். ஆகவே அன்றைய மழை அறிவிப்போடு ஓத நேரத்தையும் பாருங்கள். 4.5 மீட்டருக்கு மேல் ஓதம், கூடவே கனமழை எச்சரிக்கை என்றால் அன்று வேண்டாம். தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்காதீர்கள். கீழே மூடி திறந்த மேன்ஹோல் இருக்கலாம். காற்று வீசும்போது பெரிய மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கிளை முறிந்து விழுவது இங்கே ஒவ்வொரு மழைக்கும் நடப்பது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை எந்தக் கவலையும் இல்லை.

பழைய கட்டடங்கள் நிலைக்குமா?

நிறைய இடிபடுகின்றன. எண்பது தொண்ணூறு வயதுக் கட்டடத்தில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்கிறது; பழைய வாடகைச் சட்டத்தில் வரும் வாடகை செப்பனிடவே போதாது; பில்டர் வந்து பெரிய வீடும் லிஃப்ட்டும் தருகிறேன் என்கிறார். நான்காவது தலைமுறையாக ஒழுகும் கூரைக்கடியில் இருப்பவரிடம் பாரம்பரியத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இழப்பு கட்டடத்தில் மட்டுமல்ல என்பதுதான் வருத்தம். புதிய கட்டடத்தின் கார் நிறுத்தத்துக்காகக் காம்பவுண்டு மண்ணைத் தோண்டிவிடுகிறார்கள். உள்ளே இருந்த மாமரமும் பலாவும் அதோடு போகின்றன. தெருமரம் தப்பித்தாலும் அதன் வேர் பாதி காம்பவுண்டுக்குள் ஓடியது. காம்பவுண்டு மண்ணைக் காப்பாற்றும் விதி இல்லாமல் முகப்பை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை என்பது எங்கள் கருத்து.

பெரியவர்களை, குழந்தைகளை அழைத்து வரலாமா?

வரலாம், வழியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தாதர் டிடியில் டாக்ஸியில் இறங்கி, பார்சி காலனி வழியாக ஃபைவ் கார்டன்ஸ் வரை மட்டும் போதும், ஒன்றரைக் கிலோமீட்டர்தான். வேர் தூக்கிய நடைபாதைக் கற்களில் தடுக்கும், சப்பையான ரப்பர் செருப்பு வேண்டாம். சக்கர நாற்காலிக்கு நடைபாதையைவிட உள்தெருச் சாலையே வசதி, காலையில் வண்டி குறைவு. கழிப்பறையைச் சாப்பிடும் கடையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்; காலனிக்குள் நுழைந்தபின் கிடைப்பது கஷ்டம்.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

காப்பிப்பொடி. உங்கள் எதிரிலேயே வறுத்த கொட்டையை அரைத்துக் கொடுக்கும் கடைகள் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் இருக்கின்றன. கொட்டை வகைகளில் பீபரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி எத்தனை சதவீதம், ஃபில்டருக்கா வேறு எதற்கா என்று கேட்பார்கள். ஃபில்டர் என்று சொல்லாவிட்டால் பொடி நைசாக வந்து, டிகாக்ஷன் இறங்காமல் மேல் பாத்திரத்திலேயே நிற்கும். தாதரில் முடிக்கிறவர்கள் காலையிலேயே வாங்கிவிடுங்கள். லோக்கலில் கால் கிலோ பையோடு நின்றால் பெட்டி முழுக்க மணக்கும்.